காது குத்திய பெரேரா

மூன்றாம் அத்தியாயம்

கேட்பாரில்லாமல் செத்துப்போகிறவனுக்குக் கண்டியில் பெயர் வைக்கிறவர் ஒரு கிளாக்கர். மதம் கொடுக்கிறவரும் அவரே. 'மதம்' என்ற கட்டத்தில் அவருடைய பேனா என்ன எழுதுகிறதோ, அதன்படிதான் நகரசபை வண்டி ஆளை இறக்கும். இஸ்லாம் என்றிருந்தால் பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் பள்ளிவாசல் ஆட்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மையத்தை, அதாவது பிரேதத்தை, எடுத்து வருவார்கள். கிறிஸ்தவம் என்றால் தலைமாட்டில் இரண்டு குச்சியைச் சேர்த்துக் கட்டிய சிலுவை. மற்றவர்களுக்கு எண் போட்ட முளைக்குச்சி. 1935ஆம் வருஷம் மாசி மாதம், மலேரியா கேகாலைப் பக்கத்துச் சனங்களை வாரிக்கொண்டு வந்து கண்டித் தெருக்களில் கொட்டியபோது, அந்த வண்டி நாளுக்கு இரண்டு நடை போய்க்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நாட்களில்தான் ஒரு மனிதனைத் தேடி நாங்கள் அலைந்தோம். நாங்கள் என்றால் நடராஜா முதலியாரும் நானும். முதலியார் யாழ்ப்பாணத்தவர். இருபது வருஷம் கண்டி நீதிமன்றத்தில் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிச் சொல்லும் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு, காணாமல் போனதைத் தேடித் தருவதைத் தொழிலாக வைத்துக்கொண்டார். நான் சாஹுல் ஹமீது. பழைய ஒஸ்டின் கார் ஒன்றும் அடங்காத வாய் ஒன்றும் என் சொத்து. மூளை வேலை அவருக்கு. காரை ஓட்டுவதும் இடையிடையே அவர் மூளையைக் குழப்புவதும் எனக்கு.

தேடி வந்தவள் பெயர் சீதா. பேராதனைக்கு மேலே கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அக்காளின் பிரசவத்துக்காக நாவலப்பிட்டிக்குப் போய், பதினைந்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பினால், புருஷன் இல்லை. "உம் புருஷன் போன செவ்வாய்க்கிழமை ராவே ஓடிப்போயிட்டான்" என்று பெரிய கங்காணி பொன்னையா சொன்னார். ஓடிப்போனவனின் மனைவிக்குத் தோட்டத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. வருகிற சனிக்கிழமை அவள் சட்டி பானையை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அவளோ, "அவரு ஓடுற ஆளு இல்லீங்க" என்ற ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கங்காணியும் கூடவே வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, பூண் போட்ட பிரம்பு. "இவ புருஷன் பேர வாயால சொல்ல மாட்டாங்க. கந்தோருக்குக் கந்தோர் பேரு கேப்பாங்களே! நான்தான் சொல்லணும். எங்க ஆளு, எம் பொறுப்பு" என்றார். அப்படியே ஒவ்வொரு அலுவலகப் படியிலும் அவர்தான் ஏறினார், அவள் வெளியே நின்றாள். 'லெட்சுமணன் என்று யாரும் இல்லையாம்' என்று அவர்தான் இறங்கி வந்து சொன்னார். எனக்கு வெற்றிலையும் மடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர் என்று முதலியாரிடம் சான்றிதழ் கொடுத்தவன் நான்தான். அதை இப்போது எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஊருக்கு மேற்கே இருந்த ஏழையர் விடுதிக்குப் போனோம். தெருவில் விழுந்து கிடக்கிறவர்களை நகரசபை வண்டி அங்கேதான் கொண்டுபோய்ப் போடும். செத்தால் மறுபடி அதே வண்டி. கங்காணி வழக்கம்போல் ஏறி, வழக்கம்போல் இறங்கி, "இல்லையாம்" என்றார்.

முதலியார் காரைவிட்டு இறங்கினார். "நீங்கள் இரண்டு பேரும் இதிலேயே இருங்கோ. சாஹுல், நீர் வாரும்."

விடுதிக் கிளாக்கர் திக்கிரி பண்டா மூன்று இரவு தூங்காதவர்போல் இருந்தார். மேசையில் தடித்த புத்தகம். அவர் பேசிய சிங்களத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

"அந்தப் பெயர் இல்லை என்று இப்போதுதானே சொன்னேன்?"

"பெயர் வேண்டாம், மாத்தயா," என்றார் முதலியார். "அடையாளம் எண்டு ஒரு கட்டம் இருக்கல்லோ, அதை மட்டும் வாசியும். போன வாரச் செவ்வாயிலிருந்து."

கிளாக்கர் வாசித்தார். மூக்கில் மச்சம். முதுகில் சிரங்கு. ஒரு கண் இல்லை. ஆண், பெண், பிள்ளை, பிள்ளை, பிள்ளை.  வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்கு வந்தார்.

"ஆண். முப்பது வயதிருக்கும். தலையில் காயம், விலாவில் அடி. இரண்டு காதிலும் துளை. இடது சுண்டுவிரல் நுனி இல்லை. உள்ளங்கையில் கறுப்புக் கறை."

"பேர்?"

"ஏ. பெரேரா. கிறிஸ்தவம்."

"காது குத்தின பெரேராவா!" என்றேன் நான். "முதலியார், பெரேராக்கு யாரும் காது குத்தல்ல. நமக்குத்தான் குத்துறாங்க."

முதலியார் சிரிக்கவில்லை. "இந்தப் பெயரை ஆர் தந்தது?"

"அவனேதான்," என்றார் கிளாக்கர். "மார்க்கெட் வாசலில் கிடந்தவனை நாலு மணிக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது உயிர் இருந்தது. சிங்களத்தில் கேட்டேன், விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த தமிழில் 'பேரு? பேரு?' என்று கேட்டேன். 'அர பெரேரா' என்றான். மூன்று தடவை சொன்னான். கோபமாகச் சொன்னான். விளக்கு ஏற்றுமுன் போய்விட்டான். 'அர' முதலெழுத்து என்று நினைத்து 'ஏ' போட்டேன். பெரேரா என்றால் வேதக்காரர்தானே? சிலுவைக்குச் சீட்டு எழுதினேன்."

வெளியே வந்ததும் முதலியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் பழைய நீதிமன்ற வெளிச்சம் வந்துவிட்டது.

"சாஹுல், தன்ர பெயரை ஆரும் கோவமாச் சொல்லுவினமோ?"

"என்ட பேர நான் சொன்னா மத்தவங்கதான் கோவப்படுவாங்க."

"பகிடியை விடும். சிங்களத்தில 'அர' எண்டா 'அந்த'. 'அந்தப் பெரேரா'. செத்தவன் சொன்னது தன்ர பெயரில்லை ஐசே. அடிச்சவன்ர பெயர்!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "பெரேராண்டு கண்டி டவுன்ல கூப்பிட்டா பாதி ரோட்டு திரும்பிப் பாக்கும். மிச்சப் பாதி சில்வாமாரு. எந்தப் பெரேராவத் தேடுற?"

அதற்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று காரில் காத்திருந்தது. கங்காணி பின் ஆசனத்தில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தும், சீதா அவர் காலடியில், காரின் தரையில் குந்தியிருந்தாள். கங்காணியோடு சரிசமமாக உட்காரக் கூடாதாம். வரும்போது நான் இரண்டு தடவை சொல்லியும் ஏறி உட்காரவில்லை.

முதலியார் கதவருகே குனிந்தார். "பிள்ளை, உம்மட மனிசனுக்கு இடக்கைச் சுண்டுவிரல்..."

"தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டு நுனி போயிருச்சுங்க," என்றாள் உடனே. முகம் மலர்ந்துவிட்டது. "காதுல கடுக்கன் போட்ட ஓட்டையும் இருக்கும். பாத்தீங்களாய்யா? எங்க இருக்காரு?"

தூக்குத் தண்டனையைக்கூட நாக்குக் குழறாமல் மொழிபெயர்த்தவர் முதலியார். அந்தக் கேள்விக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் கார்ச் சக்கரத்தைப் பார்த்தேன், கோழை மாதிரி. அவள் சத்தம் போட்டு அழவில்லை. தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, "எரிச்சாங்களா, பொதைச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"அடப் பாவமே!" என்றார் கங்காணி. "ஓடி வந்தவன் டவுன்ல திரிஞ்சு எவன்கிட்டயோ அடி வாங்கியிருக்கான். நான் அப்பவே சொன்னேனுங்களே!"

முதலியார் பெரேரா விஷயத்தைச் சொன்னார். கங்காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரேராங்களா? எங்க தோட்டத்துத் தேயிலை லொறி ஓட்டுறவன் பெரேராதாங்க! பொல்லாத குடிகாரன். அவனத்தான் புடிக்கணும்!"

நாங்கள் வலை வீசுவதற்குள் மீனைச் சமைத்துத் தட்டில் வைத்துவிட்டார். அது எனக்கு என்னவோபோல் இருந்தது. பேச்சோடு பேச்சாகச் சீதாவிடம் கேட்டேன். "தங்கச்சி, ஒங்கட லயத்துல என்ன பேசிக்கிறாங்க? யாரோட ஓடினாரு, எந்த ரயில்ல போனாருண்டு?"

"ஒண்ணுமே பேசலீங்க நானா. நான் வந்தா எழுந்திரிச்சுப் போயிர்றாங்க."

முதலியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒருவன் ஓடிப்போனால் லயத்துக்கே அது ஒரு மாதத் தீனி. பத்துக் காம்பராவும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த வாய்களை மூடிய கை ஒன்று இருக்க வேண்டும். அவர் திக்கிரி பண்டாவைப் புத்தகத்தோடு வரச் சொல்லி முன் ஆசனத்தில் தன்னோடு நெருக்கி உட்கார வைத்தார். மஹய்யாவைக்குக் காரைத் திருப்பினேன்.

மஹய்யாவை மயானத்தில் சாகாதவர்கள் என்று சொல்ல இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன் சுண்ணாம்பு வாளியோடு தூரத்தில் நின்றான். மற்றவர் காளிமுத்து, நகரசபைக் குழிவெட்டி. ஐம்பது வயது, அந்தப் பக்கத்து வரிசை வீடுகளிலேயே பிறந்து வளர்ந்தவர். கீழே மாத்தளை ரயில் கூவிக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழைந்தது. புதுமண் மேடுகள் மேட்டின் சரிவெல்லாம் வரிசையாக இருந்தன. பிள்ளைகளுடையவை அரை முழம் இடைவெளியில் கிடந்தன.

கிளாக்கர் எண்ணைச் சொன்னார். காளிமுத்து ஒரு சிலுவையிடம் கூட்டிப் போனார்.

"இந்த ஆளாங்க? குச்சி கட்டயிலயே நெனச்சேன். உள்ளங்கை பூராத் தேயிலைக் கறை. காதுல ஓட்டை. வேதக்காரருக்கு ஏதுடா இதுன்னு. ஆனா சீட்டுல உள்ளதத்தானே நாங்க செய்யலாம்?" பிறகு சீதாவைப் பார்த்து விளங்கிக்கொண்டார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். "கொழியில எறியல தாயி. எறக்கித்தான் வச்சேன். தலையப் புடிச்சு எறக்குனேன்."

அதைக் கேட்டபிறகுதான் அவள் அழுதாள். மண்ணில் நெற்றியை வைத்து அழுதாள். கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதலியார் காளிமுத்துவுக்கு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாகுமுன் அவன் கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் செத்தான், 'அர பெரேரா' என்று. காளிமுத்து நெற்றியைச் சுருக்கினார்.

"இந்த மாத்தயா காதாலதானே கேட்டாரு? அவரு எப்படிச் சொன்னாருன்னு அதே மாதிரி சொல்லச் சொல்லுங்க. சிங்களம் கலக்காம."

திக்கிரி பண்டா கண்ணை மூடி, நினைவைக் கூட்டி, பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். "அர... ப்பேரு. அரப்பேரு. அரப்பேருதா..."

காளிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சீதாவின் அழுகை பட்டென்று நின்றது.

"ஐயா, அது பெரேராவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றார் காளிமுத்து. "தோட்டத்துல மாதிரி எங்களுக்கும் விடியக்காலம் வரிசையில நிப்பாட்டி நாள் கூலிக்குப் பேரு போடுவாங்க. நாள் பூரா வேலை செஞ்சா முழுப்பேரு. மத்தியானத்தோட நிறுத்திட்டா அரப்பேரு. இவரு 'பேரு, பேரு'ன்னு கேட்டிருக்காரு. அந்த மனுசன், தனக்குப் போட்ட பேரத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சுச் சொல்லியிருக்காரு."

முதலியாரின் முகம் சாம்பலாகிவிட்டது. "எனக்குத் தெரிஞ்ச சொல்தான்," என்றார் மெதுவாக. "தோட்ட வழக்கில நூறு தரம் மொழிபெயர்த்திருப்பன். எழுத்தைப் பார்த்தன். அதுக்குச் சிங்களத்தில அர்த்தம் தேடினன். காதைக் குடுக்கேல்லை." இருபது வருஷப் பெருமை ஒரு சொல்லில் சரிந்ததை நான் அன்று நேரில் பார்த்தேன். எனக்குக்கூட அப்போது கேலி செய்யத் தோன்றவில்லை.

சீதா எழுந்து நின்றாள். கையிலும் நெற்றியிலும் மண். நேரே கங்காணியின் முன்னால் போனாள். கங்காணி முகத்தைப் பார்த்துப் பேசியே அறியாதவள், அன்று பார்த்துப் பேசினாள்.

"அவரு ஒரு நாளும் அரப்பேரு வாங்குனதில்ல. காச்சலோட போயும் முழுப்பேரு வாங்குவாரு. சாகயில அதத்தானே சொல்லிட்டுச் செத்தாரு? மூணு தரம் சொன்னாராமே! முழுநாளும் வேல வாங்கிட்டு வேணும்னே அரப்பேரு போட்டீங்க. கள்ளப்பேரு போடுற கங்காணி நீங்க!"

நான் முதலியாரைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. 

கங்காணியின் காதுமடல் சிவந்தது. கொலைகாரன் என்று சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். அதற்கு அவர் ஆறு நாளாகத் தயாராக இருந்தார். இதற்குத் தயாராக இல்லை.

"ஏய்! யாரப் பாத்துக் கள்ளப்பேருங்கிற? முப்பது வருசம் பேரு போட்டவன்டி நான்! ஒருத்தனுக்கு ஒரு பேரு தப்பாப் போட்டதில்ல. உம் புருஷன் பன்னெண்டு மணிக்குக் கத்தியக் கீழ போட்டுட்டு என்கிட்ட எதுத்துப் பேசினான். வெள்ளிக்கிழமை, வெள்ளக்காரத் தொர மலைக்கு வர்ற நாளு, அவரு வர்ற நேரத்துல! வேற என்னத்தப் போடுறது? அரப்பேருதான் போடுவேன்! நீதியாத்தான் போட்டேன்!"

 

"எந்தக் கிழமை, கங்காணியார்?" என்றார் முதலியார்.

கங்காணி தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். 

"செவ்வாய்க்கிழமை இரவு ஓடிப்போனவருக்கு வெள்ளிக்கிழமை எப்படி ஐயா பேர் போட்டனீங்கள்? பன்னிரண்டு மணிக்கு உங்கட மலையில எதிர்த்துக் கதைச்சவர், நாலு மணிக்கு மண்டை உடைஞ்சு மார்க்கெட் வாசலில கிடக்கிறார். இடையில ஆர் அடிச்சது? அந்த லொறிக்காரப் பெரேராவைத்தான் கேக்கவேணும். வெள்ளிக்கிழமை தேயிலைப் பெட்டிக்கு மேல ஆரை ஏத்திவிட்டியள் எண்டு. அவர் வாய் திறக்கமுன்னம் அவரை மாட்டிவிடத்தான் அவ்வளவு அவசரமோ?"

"தெரு ஓரத்தில் போட்டுவிட்டால் மிச்சத்தை நகரசபை பார்த்துக்கொள்ளும்," என்று, முதலியார் சிங்களத்தில் விளக்கியதும், கிளாக்கர் தனக்குத்தானே சொன்னார். அதுதான் கணக்கு. பெயர் தெரியாத பிணத்துக்கு விசாரணை இல்லை. இரண்டு நடை வண்டியில் அதுவும் ஒன்று.

கங்காணி வாசல் பக்கம் ஓர் அடி வைத்தார். காளிமுத்து மண்வெட்டியோடு அங்கே போய் நின்றார். வாளிக்காரனும் வந்து சேர்ந்துகொண்டான். நான் கங்காணியின் கையிலிருந்து பிரம்பை வாங்கினேன். பூணில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அவர் கொடுத்த வெற்றிலை இன்னும் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து எறிந்தேன்.

பொலிசுக்கு ஆள் போனது. குழியைத் தோண்டி எடுக்க நீதவானின் உத்தரவு வேண்டும், அது நாளைக்குத்தான் வரும். "அதுவரைக்கும் இந்தப் பக்கம் ஒருத்தரையும் விடமாட்டேன் தாயி," என்றார் காளிமுத்து. சிலுவையைப் பிடுங்கி, முறிக்காமல், பக்கத்தில் பத்திரமாகச் சாய்த்து வைத்தார்.

திக்கிரி பண்டா முழங்காலில் புத்தகத்தை விரித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார்.  'ஏ. பெரேரா' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"சரியான பெயர்?"

முதலியார் வாயெடுத்தார். கிளாக்கர் தலையசைத்தார். "மன்னிக்க வேண்டும். சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நான் அவர் வாயால்தான் கேட்பேன்."

முதலியார் அதைச் சீதாவுக்குத் தமிழில் சொன்னார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

அவள் மண்மேட்டைப் பார்த்தாள். கலியாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவள் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமானால் "இந்தாங்க" என்பாளாம். சேலைத் தலைப்பால் நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லெட்சுமணன்," என்றாள்.  மறுபடி, மயானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "கருப்பண்ணன் மகன் லெட்சுமணன். முழுப்பேராப் போடுங்கய்யா."